கடைசி நேரத்தில் ஆபரேஷன் தள்ளிப்போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு ஆஸ்பத்திரி அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகப் பல வருஷம் இருந்தேன். இப்போது ஓய்வு. ஆனாலும் சொந்தக்காரர், தெருக்காரர் என்று யாருக்காவது ஆபரேஷன் ரத்தானால் முதல் போன் எனக்குத்தான் வரும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி நடைமுறையை வைத்து, முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன்களைப் பற்றிச் சொல்வது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்தவர் அவர்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. "இன்னைக்கு இல்லை"ன்னு சொல்லிட்டாங்க. உடனே சாப்பிடலாமா?

முதலில் சிஸ்டரிடம் தெளிவாகக் கேளுங்கள்: இன்றைக்கே கிடையாதா, இல்லை சாயந்திரத்துக்குத் தள்ளியிருக்கிறார்களா? தியேட்டர் லிஸ்டில் பெயர் கீழே இறங்குவதும் உண்டு, அடிபடுவதும் உண்டு. வார்டில் இரண்டையும் "இப்போ இல்லைம்மா" என்றே சொல்லிவிடுவார்கள். பசி தாங்காமல் இரண்டு இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு மூன்று மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும். அப்புறம் நிஜமாகவே ரத்தாகும்.

ரத்துதான் என்று உறுதியானால் தாராளமாகச் சாப்பிடலாம். கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று லேசாக ஆரம்பியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் முதலில் விரலில் குத்தி அளவு பார்க்கச் சொல்லுங்கள். காலையில் நிறுத்திவைத்த இன்சுலினையோ மாத்திரையையோ எப்போது, எவ்வளவு போட வேண்டும் என்று கேட்காமல் தொட வேண்டாம். முந்தின நாள் வயிற்றைக் காலி செய்ய பேதி மருந்து கொடுத்திருந்தால் எழுந்ததும் கிறுகிறுக்கும். கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு நடங்கள். ராத்திரி தூங்குவதற்கு மாத்திரை கொடுத்திருந்தால் அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம்.

ஏன் ரத்து என்று யாருமே சரியாகச் சொல்வதில்லை. எப்படிக் கேட்பது?

காரணம் இரண்டே வகைதான். ஒன்று, உங்கள் உடம்பு அன்றைக்குத் தயாராக இல்லை. இன்னொன்று, ஆஸ்பத்திரி தயாராக இல்லை. இதில் எது என்று தெரியாமல் வார்டை விட்டு இறங்காதீர்கள். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிப்பது, டெஸ்ட் மறுபடி எடுப்பது, வேறு ஆஸ்பத்திரி பார்ப்பது, காப்பீட்டுக்காரரிடம் பேசுவது என்று அடுத்து வரும் எல்லாமே இந்த ஒரு பதிலை வைத்துத்தான் முடிவாகும்.

கேட்கிற நேரமும் முக்கியம். காலை ஒன்பது, பத்து மணிக்கு டாக்டர்கள் தியேட்டருக்குள் இருப்பார்கள். சிஸ்டருக்கும் முழு விவரம் தெரியாது. அவர் கையில் இருப்பது லிஸ்ட்டும், அதில் உங்கள் பெயர் மேல் இழுத்த ஒரு சிவப்புக் கோடும்தான். அவரிடம் சத்தம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. தியேட்டர் முடிந்து டூட்டி டாக்டர் வார்டுக்கு வரும்போது, வீட்டில் நிதானமாகப் பேசக்கூடிய ஒருவரை மட்டும் அனுப்புங்கள். ஏழு பேர் சூழ்ந்துகொண்டால் எந்த டாக்டரும் வாயைத் திறக்க மாட்டார்.

"டாக்டர், நோயாளி உடம்புல ஏதாவது பிரச்சினையா, இல்ல தியேட்டர் பக்கம் பிரச்சினையா?" என்று நேராகக் கேளுங்கள். உடம்புதான் என்றால் என்ன சரியாக வேண்டும், எந்த அளவுக்கு வந்தால் ஒத்துக்கொள்வார்கள், அதை யார் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். மயக்க டாக்டர் நிறுத்தியிருந்தால் கேஸ் ஷீட்டில் கட்டாயம் ஒரு வரி எழுதியிருப்பார். அதைப் படித்துச் சொல்லச் சொல்லலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் பல சமயம் "சர்ஜரி டெஃபர்டு", அதாவது ஆபரேஷன் தள்ளிவைப்பு, என்று மட்டும் இருக்கும். பக்கத்திலேயே காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவால் எழுதிய ஒரு வரி இருந்தால், அடுத்த முறை வேறு டாக்டர் டூட்டியில் இருந்தாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பி.பி. நார்மல்தான். தியேட்டர் மேஜையில் 190 காட்டியதாம். இது நியாயமா?

பயத்தில் ஏறும், அது இயல்பு. அந்தக் குளிர், பச்சை அங்கி, தலைக்கு மேல் விளக்கு எல்லாம் சேர்ந்து யாருக்கும் ஏற்றிவிடும். அதனால்தான் கொஞ்ச நேரம் விட்டு இரண்டு மூன்று தடவை பார்ப்பார்கள். அப்படியும் 180-க்கு 110 என்ற அளவைத் தாண்டியே நின்றால், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைப்பது பரவலான வழக்கம். மயக்க மருந்தில் பி.பி. திடீரென்று விழுந்து எழும்போது மூளைக்கும் இதயத்துக்கும் ஆபத்து.

இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தினமும் பி.பி. பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இங்கிலாந்து மயக்கவியல் மருத்துவர்களின் 2016 வழிகாட்டுதலே, வெளியில் ஏற்கெனவே 160-க்கு 100-க்குக் கீழே இருந்ததற்குப் பதிவு இருந்தால் ஆபரேஷன் செய்யலாம் என்கிறது. இங்கே ஒவ்வொரு டாக்டரும் அவரவர் அனுபவப்படி முடிவெடுப்பார். ஆனாலும் கையில் நோட்டு இருக்கிற நோயாளிக்கு மரியாதை கூடத்தான். இன்னொன்று, "பட்டினின்னு சொன்னாங்களே" என்று காலை பி.பி. மாத்திரையையும் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பெரும்பாலான பி.பி. மாத்திரைகளை ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொள்ளத்தான் சொல்வார்கள். சிலவற்றை மட்டும் நிறுத்தச் சொல்வார்கள். எதை, எதை என்று முந்தின நாளே கேளுங்கள்.

சர்க்கரை, ரத்தசோகை, காய்ச்சல், நெஞ்சுச் சளி, ஈ.சி.ஜி.யில் புதிதாக ஒரு மாற்றம் ஆகியவையும் இப்படித்தான். திட்டமிட்ட ஆபரேஷனில் இவற்றைச் சரிசெய்துவிட்டுப் போவதே நல்லது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஹெச்.பி.ஏ.1சி. டெஸ்ட்) எட்டு, எட்டரைக்கு மேல் இருந்தால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். அந்தத் தொல்லைக்கு ஒரு மாதம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

அரை டம்ளர் காபிதான் குடித்தார். அதற்குப் போய் ரத்து செய்வார்களா?

செய்வார்கள், செய்யவும் வேண்டும். மயக்கத்தில் இருமல் வராது, விழுங்கவும் முடியாது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பால் கலந்த காபி உணவுக் கணக்கில்தான் சேரும். லேசான சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறிச்சோறு என்றால் 8 மணி நேரம் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர், பால் கலக்காத டீ போன்ற தெளிவான பானத்துக்கு 2 மணி நேரம் போதும்.

ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் "ராத்திரி 12 மணிக்கு மேல் ஒண்ணும் கூடாது" என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். லிஸ்டில் கடைசியாக இருப்பவர் மதியம் வரை நா வறண்டு கிடப்பார். அடுத்த தேதியில் உங்கள் பெயர் கீழே இருந்தால், "தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம்?" என்று மயக்க டாக்டரிடம் முந்தின நாள் கேட்டு வையுங்கள். அவர் அனுமதிக்காமல் நீங்களாகக் குடிக்க வேண்டாம்.

வெற்றிலை பாக்கு, புகையிலைக்கும் இதே தடைதான். ஏதாவது வாயில் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், அவ்வளவுதானே.

எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன்?

அப்படியானால் இவற்றில் ஒன்றாக இருக்கும்: விபத்து கேஸோ அவசர சிசேரியனோ வந்து தியேட்டரை எடுத்துக்கொண்டது, முன்னால் போன ஆபரேஷன் எதிர்பார்த்ததை விட நீண்டது, ஐ.சி.யூ.வில் கட்டில் காலியில்லை, உங்கள் வகை ரத்தம் கிடைக்கவில்லை, ஸ்டெரிலைஸ் செய்த கருவி செட் வரவில்லை, கிருமிப் பரிசோதனையில் சந்தேகம் வந்து தியேட்டரையே மூடிவிட்டார்கள். அரசு மருத்துவர் என்றால் அடிதடி வழக்கில் சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போயிருக்கவும் கூடும். இது சாதாரணமாக நடப்பதுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு அறுவை யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட தியேட்டர் நாட்கள் இருக்கும். இன்று விட்டுப்போனால் நாளைக்கு என்று ஆகாது, உங்கள் யூனிட்டின் அடுத்த தியேட்டர் நாள் வர வேண்டும். "எங்க யூனிட் தியேட்டர் நாள் என்னைக்கு? அந்த லிஸ்டில் முதல்ல போடுவீங்களா?" என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிப் பக்கக் காரணத்தால் தள்ளிப்போனவர்களை அடுத்த லிஸ்டில் மேலே போடுவது பல யூனிட்டுகளில் எழுதாத வழக்கம். கேட்டவர்கள் பெயர் ஞாபகத்தில் நிற்கும்.

ஆபரேஷனுக்காக நிறுத்திய மாத்திரைகளை என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ரத்து என்றதும் ஏமாற்றத்தில் எல்லோரும் பையைக் கட்டுவதிலேயே குறியாக இருப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை ஐந்து நாளாக நிறுத்தி வைத்திருப்பது யாருக்கும் நினைவிருக்காது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், செயற்கை வால்வு உள்ளவர், பக்கவாதம் வந்தவர் போன்றோருக்கு அந்த மாத்திரை இல்லாத ஒவ்வொரு நாளும் ஆபத்துதான்.

குளோபிடோகிரெல், ஆஸ்பிரின், வார்ஃபரின், அசிட்ரோம் இவற்றில் எது நிறுத்தப்பட்டிருந்தாலும், வார்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு கேள்வி: இன்றைக்கே ஆரம்பிக்கலாமா? புதுத் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் மறுபடி நிறுத்த வேண்டும்? புதுத் தேதி நாலே நாளில் என்றால் ஆரம்பிக்க வேண்டாம் என்றோ, அதுவரை ஊசி போடலாம் என்றோ சொல்லக்கூடும். அதனால் நீங்களாக முடிவெடுக்க முடியாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுபவர்களை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். வழக்கமாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு எப்போது தொடரலாம் என்று கேளுங்கள். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை இரண்டையும் வழக்கம்போலத் தொடர வேண்டும். "ஆபரேஷன் வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பதறும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

மருந்து ஏற்றக் கையில் குத்திய வென்ஃப்ளான் ஊசியை எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், முழுக்கைச் சட்டைக்குள் அதோடு பஸ் ஏறிப் போய், இரண்டு நாள் கழித்துக் கை வீங்கி வருகிறவர்கள் உண்டு. சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். கழற்றிக் கொடுத்த மூக்குத்தி, மெட்டி, பல்செட் எல்லாம் கைக்கு வந்ததா? எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொள்ளுங்கள். தர முடியாத அசலுக்கு ஜெராக்ஸ் அல்லது போன் படம். எந்த நம்பருக்கு, யாரைக் கேட்டு போன் செய்ய வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

முடி மழித்த இடத்தை அடுத்த முறை வீட்டில் பிளேடு போட்டு நீங்களே மழித்துவிட்டு வர வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கீறல் வழியாகத்தான் கிருமி போகும். தேவைப்பட்டால் ஆபரேஷனுக்குச் சற்று முன் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த தியேட்டர் நாள் வரை வார்டிலேயே இருக்கலாமா, வீட்டுக்குப் போகலாமா?

மூன்று நாலு நாளில் தேதி என்றால், ஊர் தூரம் என்றால், சர்க்கரையோ பி.பி.யோ கட்டுக்குள் வர வேண்டும் என்றால், இருந்துவிடுங்கள். இரண்டு வாரம் ஆகும் என்றால் வீடுதான் நல்லது. வார்டில் சும்மா கிடப்பதில் தொற்று வரும் வாய்ப்பு உண்டு. துணைக்கு இருப்பவரின் கூலியும் போகும், முதுகும் போகும்.

எப்படிப் போனாலும் முறையாக டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போங்கள். கோபத்தில் சொல்லாமல் இறங்கிவிட்டால் கேஸ் ஷீட்டில் "தானாக வெளியேறினார்" என்று எழுதப்படும். திரும்பி வரும்போது வரிசையின் தொடக்கத்திலிருந்து நிற்க வேண்டியிருக்கும், காப்பீட்டிலும் அது சிக்கலாகும். சும்மா இரண்டு நாள் வீட்டுக்குப் போய்வர விரும்பினால் அதையும் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

குழந்தைக்கு லேசான சளிதான். ஆனாலும் வேண்டாம் என்கிறார்கள்.

குழந்தைகளின் மூச்சுக்குழாய் குறுகியது. சளி இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் திடீரென்று இறுகி மூச்சு அடைக்கலாம். காய்ச்சல், இருமல், மார்புச் சளி இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளிவைப்பார்கள். சளி நின்ற பிறகும் மூச்சுக்குழாயின் எரிச்சல் அடங்க அவ்வளவு நாள் ஆகும். வெறும் மூக்கு ஒழுகல் என்றால் சில சமயம் செய்வார்கள், அது மயக்க டாக்டர் நேரில் பார்த்துச் சொல்வது.

பட்டினிக் கணக்கு: தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், மாட்டுப்பால், புட்டிப்பாலுக்கு 6, தண்ணீருக்கு 2. வீட்டில் பெரியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள். "பிள்ளை அழுவுது, ஒரு பிஸ்கட்தானே" என்று ஆச்சி கொடுத்த பிஸ்கட்டால் நின்ற ஆபரேஷன்கள் நிறைய.

எடுத்த டெஸ்ட் எல்லாம் வீணா? ரத்தம் கொடுத்தது?

எல்லாம் வீணில்லை. ரத்த வகை மாறாது. இதய ஸ்கேனான எக்கோவை, புதிதாக நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வராதவரை சீக்கிரத்தில் திரும்ப எடுக்கச் சொல்வது குறைவு. சர்க்கரை, ஹீமோகுளோபின், உப்புச் சத்துகள், சில இடங்களில் ஈ.சி.ஜி. ஆகியவற்றைத் திரும்பப் பார்ப்பார்கள். ஆபரேஷனுக்கு உடம்பு தயார் என்று மயக்க டாக்டர் கொடுத்த ஃபிட்னஸுக்கு அந்தந்த ஆஸ்பத்திரி ஒரு காலக்கெடு வைத்திருக்கும். எதுவரை செல்லும் என்று கேட்டுக்கொண்டால் புதுத் தேதிக்கு முந்தின நாள் ஓட வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றுவதற்காகப் பொருத்தம் பார்த்து ஒதுக்கிய ரத்தத்தை ரத்த வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். உங்கள் மச்சான் கொடுத்தது வேறு யாருக்காவது போயிருக்கும், அதில் வருத்தம் வேண்டாம். சிவப்பணுக்கள் ஐந்து, ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது, பூட்டி வைத்திருக்கவும் முடியாது. அவர் ரத்தம் கொடுத்ததற்கான ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை அதைக் காட்டிக் கேட்கலாம். மறுபடி ஆள் வேண்டும் என்றால் அதே மச்சானால் முடியாது: ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்டியிருக்கிறோம். எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

தங்கிய நாளுக்கான அறை வாடகை, எடுத்த டெஸ்ட், பிரித்துப் பயன்படுத்திய பொருள் ஆகியவற்றுக்குப் பிடிப்பார்கள். நடக்காத ஆபரேஷனுக்கு சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம், மயக்க டாக்டர் கட்டணம் பில்லில் இருந்தால் கேள்வி கேளுங்கள். மொத்தத் தொகையாக இல்லாமல் வரிக்கு வரி பிரித்த பில் வாங்குங்கள். மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்த பெட்டியில் பிரிக்காத பொருட்கள் கட்டாயம் இருக்கும். அவற்றைப் பில்லோடு திருப்பிக் கொடுக்கலாம். தையல் நூல், கையுறை என்று பார்க்கச் சின்னதாகத் தெரியும், கூட்டினால் ஆயிரக்கணக்கில் வரும்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இந்தச் செலவைக் கொடுக்குமா?

இங்கேதான் பலர் அடிபடுகிறார்கள். படுத்து, டெஸ்ட் எடுத்து, ஆபரேஷன் இல்லாமல் திரும்பினால், "பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனது" என்று சொல்லி மறுக்கப் பெரும்பாலான பாலிசிகளில் ஒரு விலக்கு விதி இருக்கிறது. இந்த அட்மிஷனிலேயே ஏதாவது சிகிச்சை நடந்திருந்தால், உதாரணமாக ஏறிய பி.பி.க்கு மருந்து, நெஞ்சுச் சளிக்கு ஊசி என்று, அது டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக இருக்க வேண்டும்.

எப்படியிருந்தாலும் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். அட்மிஷனுக்கு முந்தைய செலவு என்று பாலிசிகளில் ஒரு பிரிவு உண்டு. 30 நாள், 60 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். அதே நோய்க்கு அந்த நாட்களுக்குள் ஆபரேஷன் நடந்து கிளெய்ம் ஏற்கப்பட்டால், இந்த டெஸ்ட் செலவுகளை அதில் சேர்த்துக் கேட்க வழியிருக்கிறது. புதுத் தேதி குறிக்கும்போது இந்தக் கணக்கையும் மனதில் வையுங்கள்.

காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதி வராததால்தான் ரத்தானது என்றால் இது தெரிந்திருக்கட்டும்: அனுமதிக் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் உத்தரவிட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி கோரிக்கையை எத்தனை மணிக்கு அனுப்பியது என்று முதலில் கேளுங்கள். தாமதம் பல முறை அங்கேயே இருக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். அது போய்விடுமா?

போகாது. ஆனால் கிளம்பும் முன் காப்பீட்டுக் கவுன்ட்டரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் நடக்கவில்லை என்று அவர்கள் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாயில் அந்தத் தொகை பிடித்துவைத்தபடியே நிற்கலாம், வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் இடிக்கும். திட்டத்தில் அனுமதியான சிகிச்சைக்குத் தனியே பணம் கேட்டால், அல்லது வேறு சந்தேகம் இருந்தால், 1800 425 3993-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

வீட்டில் காத்திருக்கும்போது எதற்குப் பயப்பட வேண்டும்?

நோயைப் பொறுத்தது. குடலிறக்கம் என்றால் வீக்கம் கல் மாதிரி இறுகி, உள்ளே தள்ளினால் போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் அது அவசரம். பித்தப்பைக் கல் உள்ளவருக்குக் காய்ச்சல், கண் மஞ்சளாவது, மணிக்கணக்கில் விடாத வலி. சிறுநீரகக் கல் என்றால் குளிர் காய்ச்சல், சிறுநீர் வராமல் போவது. கர்ப்பப்பைக் கட்டிக்கு, மணிக்கு ஒரு பேட் நனைகிற அளவுக்குப் போக்கு, தலைசுற்றல். இதய நோயாளிக்கு நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத்திணறல். இவற்றில் ஏதாவது வந்தால் புதுத் தேதி வரை பார்ப்போம் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

புற்றுநோய் ஆபரேஷன் தள்ளிப்போனால் மட்டும் "சொல்லி அனுப்புறோம்" என்ற பதிலோடு வராதீர்கள். தேதி சொல்லுங்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். கண்புரை அப்படியில்லை, சில வாரம் போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இது தப்பா?

தப்பே இல்லை. பல நாள் மனதைக் கட்டி, சாமி கும்பிட்டு, பிள்ளைகளிடம் நகை இருக்கும் இடம் வரை சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். அந்த உச்சத்திலிருந்து சட்டென்று இறங்கும்போது சிலருக்கு அழுகை, சிலருக்குக் கோபம், சிலருக்குத் தூக்கம். துணைக்கு வந்தவருக்கு நிம்மதி, உடனே அதை நினைத்துக் குற்ற உணர்ச்சி. வார்டில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு நாள் யாரும் யாரையும் சமாதானப்படுத்தாமல், குளித்து, சாப்பிட்டு, தூங்க விடுங்கள். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். அவருக்கு அது நல்லதாகத் தெரியவில்லை.

இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "ஆபரேஷனே வேண்டாம்" என்கிறார் என்றால், சும்மா பயம்தானே என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் மனநல ஆலோசனையும் கிடைக்கும்.

சொந்தக்காரர்கள் "நாள் சரியில்லை, அபசகுனம்" என்கிறார்கள்.

பி.பி. ஏறியதற்கும் அஷ்டமிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டுப் பெரியவரோடு இதில் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. டாக்டர் கொடுக்கும் இரண்டு தேதியில் நல்ல நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். ஆடி முடியட்டும், தை பிறக்கட்டும் என்று ஆஸ்பத்திரி கொடுத்த தேதியையே விட்டுவிடுவதுதான் பிரச்சினை. மற்றபடி குடும்ப வாட்ஸ்அப்பில் "ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கு, அப்பா நல்லா இருக்கார், தேதி தெரிஞ்சதும் சொல்றோம்" என்று ஒரே ஒரு செய்தி. இல்லாவிட்டால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிற ஒவ்வொருவருக்கும் முழுக்கதை சொல்லி உங்களுக்கே பி.பி. ஏறும்.

ஆபரேஷன் நாளில் மாதவிடாய் வந்துவிட்டால் ரத்தாகுமா?

பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு அது தடையே இல்லை. கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட சில சிகிச்சைகளில் மட்டும் நாள் மாற்றுவார்கள். மறைக்காமல் சிஸ்டரிடம் சொன்னால் போதும்.

கம்பெனியில் எடுத்த லீவு?

அட்மிட் ஆகியிருந்த நாட்களுக்கும், ஆபரேஷன் தள்ளிப்போனதற்கும் சேர்த்து ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் டாக்டர் ஓய்வு தேவை என்று சான்றிதழ் கொடுத்த நாட்களுக்குத்தான் நோய்க்கால உதவித்தொகை கேட்க முடியும். சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலைக்குப் போக முடிகிற நிலையில் இருந்தால் போய்விட்டு, அந்த நாட்களை ஆபரேஷனுக்குப் பிந்தைய ஓய்வுக்கு மிச்சம் வையுங்கள்.

யாரிடம் புகார் செய்வது? நஷ்டஈடு கேட்கலாமா?

இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில், மருத்துவக் காரணம் இல்லாமல் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் 28 நாளுக்குள் வேறு தேதி தர வேண்டும், தவறினால் நோயாளி விரும்பும் ஆஸ்பத்திரியில் செய்ய அவர்களே பணம் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. கேட்டு வாங்குவதுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் முதலில் யூனிட் சீஃப், அப்புறம் ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலர், அதற்கு மேல் கண்காணிப்பாளர் அல்லது டீன். அங்கும் பதில் இல்லையென்றால் 1100 முதல்வர் உதவி எண். நேரே 1100-க்குப் போவதை விட ஆர்.எம்.ஓ. அறைக்குப் போனால் வேலை சீக்கிரம் நடக்கும் என்பது என் அனுபவம். மருத்துவப் பதிவுகளின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. தனியாருக்கும் இது பொருந்தும்.

கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் பாதுகாப்புக்காகத் தள்ளிவைத்ததற்கு நஷ்டஈடு கிடைக்காது. நடக்காத ஆபரேஷனுக்குப் பணம் பிடித்துக்கொண்டு தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போகலாம். ஒரு தடவை தேதி மாறியதற்கு வழக்கு என்று இறங்குவது நேரத்தைத் தின்னும்.

இரண்டாவது தடவையும் ரத்து. வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா?

காரணம் உங்கள் உடம்பு என்றால் எங்கே போனாலும் அதே காரணம்தான். முந்தைய ரத்தைப் பற்றிக் கேட்காமல் "நாளைக்கே பண்ணிடலாம்" என்கிற இடத்தைக் கண்டால் ஜாக்கிரதை. புது டாக்டரிடம் எந்த ஆஸ்பத்திரியில், எந்த மயக்க டாக்டர், எதற்காக நிறுத்தினார் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிப் பக்கக் காரணம் என்றால் மாறுவதில் தவறில்லை. போகும் முன் யூனிட் சீஃபை ஒரு தடவை நேரில் பாருங்கள். "ரெண்டு தடவை பட்டினி கிடந்து திரும்பியாச்சு சார்" என்றால் பலரும் அந்த வாரமே முதல் கேஸாகப் போட்டுவிடுவார்கள். முடியாது என்றால் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் உள்ள வேறு ஆஸ்பத்திரி எது என்று கவுன்ட்டரில் கேட்டு, பழைய அனுமதியை ரத்து செய்யச் சொல்லி, ரிப்போர்ட்டுகளோடு கிளம்புங்கள். புது இடத்தில் ஓ.பி.யிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அங்கே எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்று விசாரித்துவிட்டு, பழைய இடத்தின் அடுத்த தியேட்டர் நாளோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.